மாம்பழ மஞ்சள் துணி கட்டிய பெட்டி

"பெட்டி நேரா ஆம்ஸ்டர்டாம் போயிருமுங்க. நீங்க டேக்கை மட்டும் ஒட்டுங்க, போதும்," என்றாள் கலைமகள்.

கோவை விமான நிலையத்தில் அவளுக்குப் பின்னால் வரிசை வளைந்து நின்றது. கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகத்தான் சொல்லிப் பார்த்தாள். மும்பை வரைக்கும் ஒரு டிக்கெட். அதற்கு மேல் வேறொரு கம்பெனியில் வேறொரு டிக்கெட். எல்லாம் ஒரே டிக்கெட்டாக இருந்தால் பெட்டி தானாகப் போய்ச் சேரும். தனித்தனியாக எடுத்திருப்பதால் மும்பையில் நீங்களே பெட்டியை எடுத்து, அந்தக் கம்பெனி கவுண்டரில் மறுபடி போட வேண்டும் மேடம்...

கலைமகள் கேட்கிற ஆளா? அங்கேயே நின்று ராயபுரம் டிராவல்ஸ் ஆறுச்சாமிக்குப் போன் போட்டாள். தனித்தனியாகப் போட்டால் சல்லிசாக வரும் என்று டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். "அதெல்லாம் தானா போயிரும் கண்ணு, அந்தப் புள்ள வேலைக்குப் புதுசாட்ட இருக்குது," என்று அவர் சொன்னதை ஸ்பீக்கரில் போட்டே கேட்கவைத்தாள். கவுண்டர் பெண் வரிசையைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், டேக்கை ஒட்டிப் பெட்டியை உள்ளே தள்ளிவிட்டாள்.

ஜெயித்த களிப்போடு திரும்பினால்... பின்னால் ஒருவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

"டேக்ல பி.ஓ.எம்.னு போட்டிருக்குங்க. அது மும்பை. பெல்ட்ல எடுத்துக்கோங்க... மறந்துடாதீங்க."

"உங்களை யாருங்க கேட்டா?"

சுள்ளென்று கேட்டுவிட்டு நிமிர்ந்தவள் ஒரு கணம் தடுமாறினாள். என்ன கண்கள் இவனுக்கு... திட்டு வாங்கிய பிறகும் சிரிப்பு வடியாத கண்கள். அப்புறம்தான் அவன் பெட்டியைக் கவனித்தாள். கறுப்புப் பெட்டி. கைப்பிடியில் சுருள் சுருளாகச் சுற்றிய மாம்பழ மஞ்சள் பனியன் துணி.

திருப்பூர்க்காரர்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் பெட்டிக்கு அடையாளம் ரிப்பன் கிடையாது, ஸ்டிக்கர் கிடையாது. கட்டிங் டேபிளில் விழுகிற வேஸ்ட்டில் ஒரு கீற்றை இழுத்துக் கைப்பிடியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அவள் பெட்டியிலும் அதே மஞ்சள் கீற்றுதான். இந்த மாம்பழ மஞ்சள், துணி வாங்குகிற ஒரே ஒரு ஆம்ஸ்டர்டாம் பையர் கேட்ட கலர். அப்படியென்றால் இவன் போவதும் அதே ஆர்டருக்கு!

அவன் பையில் இருந்த கம்பெனி பெயர் மீதியைச் சொல்லியது. அவிநாசி ரோட்டுப் பெரிய பனியன் யூனிட். பெயர் தவசி, ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் என்று கழுத்து அட்டை சொன்னது. போட்டிக் கம்பெனிக்காரன் நல்லது சொல்லுவானாக்கும்... அவன் பேச்சைக் கேட்டால் ஊடு போய்ச் சேர முடியுமா?

விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அப்பா மயில்சாமி சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தாள். அவருடையது பதினெட்டு மெஷின் ஓடுகிற சின்ன யூனிட். முழங்கால் வலியோடு அவரால் இனிமேல் மாடி ஏறி இறங்க முடியாது. பொம்பளப் புள்ள தனியா பார்க்குமா என்று சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டு அவரையும் கரைத்துவிட்டார்கள். "இந்த ஆர்டரைப் புடிச்சுட்டு வா கண்ணு. யூனிட் உன்றது. இல்லீன்னா மெஷினையெல்லாம் லீசுக்கு உட்டுறலாம்," என்று சொல்லித்தான் அனுப்பினார். நாலு மாதமாகத் தானே நின்று நூல் தேர்ந்து, நெய்யவைத்து, சாயம் பார்த்த துணி அந்தப் பெட்டிக்குள் இருந்தது. நாளை மறுநாள் பையர் தொட்டுப் பார்த்தால் போதும். தொட்டவர் விடமாட்டார். அதில் அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை.

மும்பையில் மழை கொட்டியது. கண்ணாடிச் சுவர்களில் தாரை தாரையாக வழிந்து, ஊரையே கலைத்துக் காட்டியது. கலைமகள் பெல்ட் பக்கம் திரும்பாமல் விறுவிறுவென்று வெளியே நடந்தாள். "ஏங்க... பெட்டிங்க..." என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. காதிலேயே வாங்காமல் அடுத்த டெர்மினலுக்குப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அங்கே கவுண்டரில் பாஸ்போர்ட்டை வாங்கியவள், பெட்டி எங்கே என்று கேட்டாள். நேராக வந்துவிடும் என்று கலைமகள் டேக் துண்டைக் காட்டினாள். அந்தப் பெண் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மெதுவாக, வருத்தத்தோடு சொன்னாள். இது மும்பையோடு முடிகிற டேக். உங்கள் பெட்டி அந்த டெர்மினல் பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருக்கும்.

கலைமகள் டேக் துண்டைத் திரும்ப வாங்கிப் படித்தாள். பி.ஓ.எம்.

வெளியே வந்தவர்களை மறுபடி பெல்ட்டுக்கு விடுவார்களா? பஸ் எப்போது வரும்? இங்கே கவுண்டரை மூட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. நாலு மாத உழைப்பு... அப்பாவிடம் என்னவென்று சொல்வது? ஆறுச்சாமி அண்ணன் சொன்னார் என்றா? அந்தப் பையன் எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை என்றா? வாழ்க்கையில் முதல் தடவையாகக் கலைமகளுக்கு வாதாட ஆளில்லாமல் போனது.

அப்போதுதான் வாசல் பக்கம் ஒரு டிராலி வந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டு, தவசி. டிராலியில் இரண்டு கறுப்புப் பெட்டிகள்.

"மஞ்சளைப் பார்த்து என்னுதுன்னு தூக்கிட்டேங்க," என்றான் மூச்சு வாங்க. "அப்புறம் பேரைப் படிச்சா உங்களுது. ஜிப் வேற..."

அவள் பெட்டியைப் பார்த்தாள். ஜிப் வாய் பிளந்திருந்தது. பெட்டியைக் குறுக்காகச் சுற்றி மஞ்சள் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. தான் கைப்பிடியில் கட்டிய துணியை அவிழ்த்துக் கட்டியிருக்கிறான் என்றுதான் அவளுக்குப் பட்டது. உயிர் திரும்பி வந்த அதே நொடியில் சந்தேகமும் வந்துவிட்டது. பெட்டியைத் திறந்தது எது... வழியில் பட்ட அடியா, இவனா?

கவுண்டர் பெண் எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா? வேறு யாராவது கை வைத்தார்களா?

கலைமகளுக்குப் பொய் வராது. நன்றியும் அன்றைக்கு வரவில்லை. "இவரு கை வெச்சாருங்க," என்று அவனைக் காட்டினாள்.

பிறகென்ன... காவலர் வந்தார். பெட்டி மேஜைமேல் ஏறியது. அத்தனை பேர் முன்னால் ஒவ்வொரு பனியனாக வெளியே எடுத்துத் தட்டிப் பார்த்தார்கள். தவசியைத் தள்ளி நிற்கச் சொல்லி அவனிடம் கேள்விமேல் கேள்வி. அவன் எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னான். அவளை ஒரே ஒரு தடவைதான் பார்த்தான். அந்தக் கண்ணில் சிரிப்பு இல்லை... அது இல்லாமல் போனது அவளுக்கு ஏன் இப்படிச் சுட வேண்டும்?

ஒன்றும் குறையவில்லை. மடிப்புகூடக் கலையாமல்தான் இருந்தது. காவலர் பெட்டியை மூடி, அதே துணியால் கட்டிக் கொடுத்துவிட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் கேட்கவில்லை. 'உள்ளே என்ன துணி என்று பார்த்திருப்பான்தானே...' என்று மனதுக்குள் ஒரு சாக்கைத் தேடிப் பிடித்துக்கொண்டு, விமானத்தில் அவன் இருந்த வரிசைப் பக்கமே திரும்பாமல் இருந்தாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம்.

ஆம்ஸ்டர்டாமில் மஞ்சள் கட்டிய பெட்டி முதலிலேயே வந்துவிட்டது. எடுத்துக்கொண்டு நடந்தாள். பெல்ட்டோரம் அவன் காத்து நின்றது ஓரக்கண்ணில் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பையர் ஆபீஸின் வரவேற்பறையில் அவனை மறுபடி பார்த்தாள். நேற்றைய அதே சட்டை, கசங்கிக் கிடந்தது. பக்கத்தில் பெட்டி இல்லை.

வெளியே கால்வாய்மேல் மழை பூப்பூவாய் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். போனது காலா, மனசா என்று அவளுக்கே தெரியாது.

"உங்க பெட்டி எங்கீங்க?"

"யாரோ அவங்களுதுன்னு நினைச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. அவங்க கறுப்புப் பெட்டி ஒண்ணு பெல்ட்ல அநாதையா சுத்திட்டிருந்துச்சு. ஏர்போர்ட்ல எழுதிக் கொடுத்திருக்கேன். நாளைக்கு வந்துரும்னு சொல்றாங்க... ஆனா இன்னைக்குத்தானே முடிவு பண்றாங்க."

"மஞ்சள் துணி கட்டியிருந்தீங்களே... அதைப் பார்த்துமா தூக்கிட்டுப் போனாங்க?"

அவன் மெல்லச் சிரித்தான். கண் அவள் பெட்டிப் பக்கம் போனது.

கலைமகள் குனிந்து பார்த்தாள். கைப்பிடியில் அவள் கட்டிய சின்னக் கீற்று, அவள் போட்ட முடிச்சோடு அப்படியே இருந்தது. பெட்டியைச் சுற்றியிருந்த நீளத் துணி வேறு. அவன் கைப்பிடியில் சுருள் சுருளாகச் சுற்றியிருந்ததே... அது.

தன் அடையாளத்தை அவிழ்த்து இவள் பெட்டியைக் கட்டியிருக்கிறான். அதனால்தான் அவன் பெட்டி தொலைந்தது. இவளோ, அதே துணியைக் கட்டியதற்காக அவனைக் காவலரிடம் நிறுத்தினாள்...

முகம் குப்பென்று சிவந்தது. "என்ற பெட்டியை அங்கேயே உட்டுட்டு வந்திருக்கலாமேங்க. ஆர்டர் உங்களுக்குத்தானே வந்திருக்கும்?"

"உங்க துணி வராம நான் ஜெயிச்சா, அது என்ன ஜெயிப்புங்க?" என்றான் அவன் சாதாரணமாக.

அந்த நேரம் பார்த்து உள்ளே கூப்பிட்டார்கள்.

கலைமகள் எழுந்தாள். பெட்டியை உருட்டிக்கொண்டு கண்ணாடிக் கதவுவரை போனாள். உள்ளே போய்த் துணியை விரித்தால் ஆர்டர் அவளுடையது. எதிரே ஆளே இல்லை. யூனிட் அவளுடையது, சொந்தக்காரர்கள் வாயும் அடைபடும். ஒரு நிமிஷ வேலை... உள்ளே போனவள் பெட்டியைத் திறக்கவே இல்லை. பையர் அம்மாளிடம், தவசியின் பெட்டி நாளைக்கு வந்துவிடும், இரண்டு துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு சொல்லுங்கள் என்று கேட்டாள். அவர் உங்கள் போட்டிக் கம்பெனி ஆயிற்றே என்று அந்த அம்மாளே வியந்து கேட்டார். "என் துணிமேல எனக்கு நம்பிக்கை இருக்குங்க" என்பதை ஆங்கிலத்தில் அழுத்தமாகவே சொன்னாள்.

சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்து மறைக்காமல் எல்லாம் சொன்னாள். கேட்டு முடித்ததும் மயில்சாமி, "தோத்துட்டீன்னா என்ன கண்ணு பண்ணுவ?" என்று கேட்டார். தோற்க மாட்டேன் என்றாள். தோற்றாலும் மெஷினை லீசுக்கு விட மாட்டேன், வேறு ஆர்டர் பிடிப்பேன் என்றும் சொன்னாள். அப்பா லேசாகக் கனைத்தார். அவர் சிரிப்பை அடக்கும்போது அப்படித்தான் கனைப்பார்.

அடுத்த நாள் பெட்டி வந்தது. ஒரே மேஜையில் இரண்டு மஞ்சளும் விரிந்து கிடந்தன. பையர் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், துவைத்து வைத்த பீசைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கடைசியில் அந்தக் கை அவள் துணிமேல் வந்து நின்றது... நின்றே விட்டது.

வெளியே வந்ததும் முதலில் கை கொடுத்தவன் தவசிதான். "நல்ல துணிங்க. தொட்டதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"எப்பத் தொட்டீங்க?"

"இன்னைக்குத்தாங்க. மும்பையில பெட்டி வாயைத் திறந்து கிடந்தப்போ முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுத்தான் கட்டினேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்றைக்குக் கேட்காத மன்னிப்பு இப்போது தானாக வந்தது. "மன்னிச்சுருங்க. அத்தனை பேரு முன்னால உங்களைத் தலைகுனிய வெச்சுட்டேன்..."

"அதுக்கு நான் வருத்தப்படலைங்க. நீங்க பெட்டியை எடுத்துட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமப் போனீங்க பாருங்க... அதுக்குத்தான்."

மழை விட்டிருந்தது. பாலத்துக் கம்பியில் துளிகள் வரிசையாகத் தொங்கின. ஆர்டரைப் பிடித்துவிட்டவளுக்கு இனி என்ன பயம்... அவன் கண்ணைப் பார்த்தே சொன்னாள்.

"எனக்கு உங்களைப் புடிச்சிருக்குங்க. சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது. ஊருக்குப் போனதும் எங்கப்பாகிட்ட நானே சொல்லிருவேன். உங்களுக்கு எப்படீன்னு சொல்லுங்க."

தேனிப் பக்கம் இருந்து டெய்லர் வேலைக்கு வந்த குடும்பம் எங்களுது, உங்க வீட்ல ஒத்துக்குவாங்களா என்று தவசி இழுத்தான்.

"நான் கேட்டது உங்க குடும்பத்தை இல்லீங்க. உங்களை."

"கவுண்டர்ல அந்தப் பொண்ணோட மல்லுக்கட்டினீங்களே... அப்பவே புடிச்சுப் போச்சு," என்றான். சொல்லிவிட்டு, அந்தப் பெரிய மெர்ச்சண்டைசர் தரையைப் பார்த்தான் பாருங்கள்... கலைமகள் வாய்விட்டுச் சிரித்தாள்.

திரும்புகிற அன்று இருவர் பெட்டிக்கும் மும்பை வரைக்கும்தான் டேக் ஒட்டினார்கள். இந்தத் தடவை கலைமகள் வாதாடவில்லை. அவன் பெட்டியில் நீள மஞ்சளைத் தன் கையாலேயே சுற்றிக் கட்டிவிட்டு, ஆறுச்சாமிக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, அடுத்த சீசனுக்கு மறுபடி இங்க வரோணும். ரெண்டு பேருக்கு. எல்லாம் ஒரே டிக்கெட்டா போடுங்க. தனித்தனியா வேண்டவே வேண்டாம்."

"அது ஆகட்டும் கண்ணு... இன்னொருத்தரு யாரு?"

கலைமகள் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தாள். அவன் கண்ணில் அந்தச் சிரிப்பு திரும்ப வந்திருந்தது.

"பேரு தவசிங்ணா. எழுதிக்கோங்க."