தட்டின் அடியில் இரண்டு புள்ளிகள்

காலை 8:40, தண்ணீர் ஆய்வுக்கூடம். தூய நீர் கலந்த கூழை ஊற்றி உறைய வைத்த கண்ணாடித் தட்டில் கிருமிகள் வெள்ளை வெள்ளையாக முளைத்திருந்தன. பக்கத்தில் பள்ளி விடுதித் தொட்டித் தண்ணீர் கலந்த தட்டு துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

"உன் கை சுத்தமில்ல. மொத்தமும் வீண்," என்றார் சீனியர்.

பயிற்சிக்கு வந்து மூன்றே வாரமான பெண் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். தூய நீரிலேயே கிருமி என்றால், சோதித்தவள் கையிலிருந்து வந்தது என்றுதான் அர்த்தம். மறுபடி தண்ணீர் எடுத்துவர இரண்டு நாள் ஆகும். அவளுடைய சான்றிதழ் இனி கனவுதான்.

அந்த மூன்று வாரத்தில் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. உட்கார நாற்காலி கிடையாது. அலுவலக போன் அடித்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதல் நாள், கல்லூரியில் படித்தபடி தட்டின் அடியில் பெயர் எழுதப்போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். இங்கே மூடியில்தான் எழுதுவார்கள். அடியில் இன்னொரு முறை எழுத்தைப் பார்த்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகச் சீனியர் மிரட்டியிருந்தார்.

9:15. தரப் பரிசோதகர் வந்தார். கழுத்தில் எந்நேரமும் லென்ஸ் தொங்குவதால் 'பூதக்கண்ணாடி அம்மா' என்று பெயர். அவர் யாரையும் திட்டவில்லை. அதுதான் பெண்ணுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"பெட்டியை முதல்ல திறந்தது யாரு?"

"நான்தான். 8:40க்கு," என்றார் சீனியர். "நான் வந்ததே 8:20."

"தட்டு எப்படி இருந்தது?"

"முறைப்படி கவுத்து. மூடி கீழ."

கிருமி வளர இளஞ்சூட்டில் வைக்கும் அந்தப் பெட்டியோடு, சூட்டைக் கோடாக வரையும் காகிதச் சுருள் ஒன்று உண்டு. அம்மா அதை நிதானமாக இழுத்துப் பார்த்தார். கோடு 7:10க்கு ஒருமுறை சரிந்திருந்தது. கதவு திறந்தால்தான் அப்படிச் சரியும்.

பெண் 8:30க்கு வந்ததாக வருகைப் பதிவேடு சொன்னது. சீனியர் உடனே துப்புரவு அக்கா பக்கம் திரும்பினார். ஏழு மணிக்கு வருகிறவள் அவள்தான், துடைக்கிறேன் என்று தட்டைத் தள்ளிவிட்டிருப்பாள் என்றார். ஏழரை வரை மாடியில்தான் கூட்டினேன், பெட்டியைத் தொடவேயில்லை என்று அக்கா அழுதேவிட்டாள்.

அம்மா தூய நீர் தட்டைத் தூக்கி, அடிவிளிம்பில் லென்ஸை வைத்தார். கடுகளவு மைப்புள்ளிகள் இரண்டு தெரிந்தன.

"இது என்னம்மா?"

பெண் சீனியரைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் சொன்ன பேச்சைக் கேட்காதவள், திறக்காவிட்டால் கை சுத்தமில்லாதவள். அக்காவின் அழுகை நிற்கவில்லை.

"நான்தான் மேடம் வெச்சேன். மூடி மாறிடுமோன்னு பயம். தூய நீருக்கு ஒரு புள்ளி, விடுதிக்கு ரெண்டு."

"இதுல ரெண்டு இருக்கு."

அம்மா விடுதி என்று எழுதிய தட்டையும் தூக்கிப் பார்த்தார்; அதன் அடியில் ஒரே புள்ளி.

"அப்போ கிருமி இருக்கிறது விடுதித் தண்ணில. மூடியை மட்டும் யாரோ மாத்தியிருக்காங்க," என்றார் அம்மா. "அக்கா தள்ளிவிட்டிருந்தா, சமையல் பாத்திரம் மாதிரி மூடி மேல இருக்கும்படிதான் எடுத்து வெச்சிருப்பாங்க. மூடி போட்டதைக் கவுத்து வைக்கிறது இந்த வேலை தெரிஞ்ச கை. அது இங்க ரெண்டு பேருக்குத்தான் இருக்கு. ஒருத்தி 7:10க்கு இங்க இல்ல."

சுருளை இன்னும் பின்னால் உருட்டினார். போன மாதம் ஒரு வாரம் கோடே இல்லை. பெட்டி பழுதாகிக் கிடந்த வாரம் அது. அதே வாரம் விடுதித் தண்ணீர் சுத்தம் என்று சீனியர் கையெழுத்துப் போட்ட அறிக்கை கோப்பில் இருந்தது.

"சோதிக்காமலே எழுதிட்டீங்க. இன்னிக்குத் தட்டைப் பார்த்ததும் பயம் வந்திருக்கு. இந்தப் பொண்ணு மேல பழி போட்டா ரெண்டு நாள் கிடைக்கும், அதுக்குள்ள தொட்டியைக் கழுவிடலாம். சரிதானே?"

"தொட்டியை இன்னிக்கே கழுவச் சொல்லலாம்னுதான்..." என்று இழுத்தார் சீனியர்.

9:50. அம்மா போனில் விடுதி எண்ணைச் சுழற்றி, பெண்ணிடம் நீட்டினார். அவள் வாங்கிக் காதில் வைத்தாள்.

"ஆய்வுக்கூடத்துல இருந்து பேசறேன். குழாயை எல்லாம் உடனே மூடிடுங்க. பசங்க யாரும் அந்தத் தண்ணியைக் குடிக்கக் கூடாது." பேசுவது யார் என்று எதிர்முனையில் கேட்டார்கள்.

"நானா? நான்தான் சோதிச்சவ."