அலமாரியில் வைத்த ரோஸ் தண்ணீர்

மட்டாஞ்சேரியில் பழைய மிளகுக் கிடங்கு ஒன்றை ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார்கள். எத்தனை முறை வெள்ளையடித்தும் மழை நாளில் சுவரிலிருந்து காரநெடி கிளம்பிவிடும். அமுதவள்ளி துப்புரவு வேலைக்குச் சேர்ந்த அன்றும் மழைதான். பகலிலேயே வராந்தாவில் விளக்கு எரிந்தது.

கூட வேலை செய்யும் பிந்து, முகம் கொடுக்காமலே கிருமிநாசினிக் கேனைக் காட்டினாள். உள்ளே ரோஸ் நிறத் திரவம்.

"கிளவுஸ் இல்லாம தொடாத. தரையில சோப்பு மிச்சமிருந்தா இது வேலை செய்யாது, நல்லா அலசணும். துடைச்சிட்டு பத்து நிமிஷம் ஈரமாவே விட்டுரு. பிளீச்சிங்கோட சேக்கவே கூடாது, கேட்டியா?"

அமுதவள்ளி தலையாட்டினாளே தவிர, நம்பவில்லை. இந்த வேலைக்குப் பிந்து தன் நாத்தனாரைக் கொண்டுவரப் பார்த்தாள் என்று காவலாளி சொல்லியிருந்தார். அலைந்து திரிந்து கிடைத்த வேலை. யாருக்காகவும் அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மதியம் பணியாளர் அறைக்குச் சாப்பிட வந்தால், அலமாரியில் வைத்த தண்ணீர் பாட்டில் காலி. ஊரில் எல்லா வீட்டிலும் காய்ச்சுகிற பதிமுகத் தண்ணீர்தான் அது. அந்தப் பட்டையைப் போட்டால் தண்ணீர் ரோஸாகிவிடும். கழுவுதொட்டியில் ரோஸ் ஈரம். பாட்டிலின் மூடி இறுக்கி மூடியிருந்தது.

மறுநாளும் அப்படியே.

"சேச்சி, என் பாட்டில் வெள்ளத்த எதுக்குக் கொட்டறீங்க?"

"எனக்கு வேற சோலி இல்லையா?" என்ற பிந்துவின் கண் அலமாரிப் பக்கம் போய்த் திரும்பியது.

திருட்டு முழி என்று அமுதவள்ளி மனதுக்குள் கறுவிக்கொண்டாள். சோதித்துப் பார்க்கப் பச்சைத் தண்ணீர் கொண்டுவந்தாள். யாரும் தொடவில்லை. திரும்பப் பதிமுகம் கொண்டுவந்த அன்று, பிந்து எதிர் வார்டில் துடைத்துக்கொண்டிருந்ததை அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

அப்போதுதான் அறைக்குள் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

கதவைத் தள்ளினாள். யாருமில்லை.

தொட்டி அப்போதுதான் கடைசி மடக்கை விழுங்கியது.

அப்படியும் சந்தேகம் பிந்துவை விட்டுப் போகவில்லை. ஆள் வைத்துச் செய்கிறாளோ? அடுத்த நாள் பாட்டிலைக் கண் பார்வையிலேயே, துடைப்பான் வண்டியில் வைத்துக்கொண்டாள். நாவறண்டபோது மாஸ்க்கை இறக்கி, பாட்டிலைத் திறந்து வாயருகே கொண்டுபோனாள்.

ஈரமான விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கின.

பாட்டில் விழுந்தது. ரோஸ் திரவம் தரையில் பரவி, குபுகுபுவென்று நுரைத்தது.

பதிமுகம் நுரைக்காது.

பிந்து ஓடிவந்தாள். கண்டித்துப் பேசவில்லை, அமுதவள்ளியை இழுத்துப்போய்க் காலைக் குழாயடியில் காட்டினாள். "அது மாடிக்குக் கொண்டுபோக நான் ஊத்தி வச்ச தரை மருந்து. உன் பாட்டில் அந்தா, வண்டியோட அந்தப் பக்கம் இருக்கு. குடிச்சியா? சொல்லுடி!"

"இல்ல. யாரோ கையப் பிடிச்சாங்க."

பிந்துவின் முகம் வெளுத்தது. குரல் தாழ்ந்தது.

"இசக்கிமுத்து அண்ணன் இங்கதான் வேலை பாத்தார். குடிக்கிற பாட்டில்ல மருந்து இருந்தது. பதிமுகம்னு நினைச்சுக் குடிச்சிட்டார்."

"யாரு ஊத்தி வச்சது?"

பிந்து குழாயை மூடினாள்.

அன்றிலிருந்து மருந்தை, பெயர் ஒட்டிய கேனிலிருந்து வேறு பாட்டிலுக்கு யாரும் மாற்றவில்லை. கேனும் பூட்டுக்குள் போனது. அப்படியும் அமுதவள்ளியின் தண்ணீர் மட்டும் தினமும் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தது. பயம் போய் அவளுக்குப் பாவமாக இருந்தது. செத்தும் அந்த மனிதருக்கு ரோஸ் தண்ணீர் மேல் நம்பிக்கை வரவில்லையே.

ஒரு மதியம் டம்ளரில் ஊற்றி, அலமாரி முன்னால் நின்று பாதி குடித்தாள்.

"அண்ணா, நான் குடிச்சிட்டேன், பாத்துக்குங்க. நல்ல தண்ணிதான்."

மீதியை வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது டம்ளர் காலி. தொட்டியில் துளி ஈரமில்லை.

அவள் வாய் வைக்காத பக்கத்து விளிம்பில், உதடு பதிந்தாற்போல் வெள்ளை நுரை ஒட்டியிருந்தது. அது இன்னும் அடங்கவில்லை.