வயிற்றுச் சூடு

அடைக்கோழி முட்டைகளை விட்டு எழுந்து போயிருந்தது.

"படிச்ச முட்டைய எங்கோழிக்குப் புடிக்கலத்தா ஈவா," என்று வாசலில் இருந்து சிரித்தாள் அற்புதமேரி மதினி. "எப்பவும் தீவனம் வச்சாலும் எந்திரிக்காது. இப்ப வேலிக்கு அந்தப் பக்கம் போயி நிக்குது."

ஈவாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அருப்புக்கோட்டையில் அவளுடைய ஆய்வுக்கூடத்தில் இன்று நாள் முழுக்க மின்தடை. பொரிப்புப் பெட்டி ஆறிவிட்டால் கருக்கள் செத்துவிடும். அதனால் பன்னிரண்டு முட்டைகளையும் துணியில் சுற்றி, சூடு குறையாமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, திருச்சுழி பஸ்ஸில் கணவனின் அக்கா வீட்டு அடைக்கோழியைத் தேடி வந்திருந்தாள். அந்த வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. இரண்டு முறை கலைந்தபின் தங்கிய ஒற்றைப் பிள்ளை.

மீன், தவளை, கோழி, மனிதன் என்று மரபணுத் தொகுப்புகளைக் கணினியில் அடுக்கிப் பார்த்தபோது, எல்லாவற்றிலும் ஓர் எழுத்துகூட மாறாத சிறு துண்டு ஒன்று அகப்பட்டது. கருவில் கைகால் முளைக்கச் சொல்லும் சுவிட்சுகளைப் போன்றது. ஆனால் எந்த உயிரிலும் அது போடப்பட்டதே இல்லை. மூன்று முட்டைகளில் மட்டும் அதைப் போட்டுவிட்டிருந்தாள். அது வேலை செய்யும் இடம் நீல விளக்குப் பட்டால் பச்சையாக ஒளிரும்.

உள்ளறையில் சோளத்தட்டை வாசமும் கோழி எச்சத்தின் காரமும் கலந்து கிடக்க, கூரை ஓட்டு இடுக்கில் இறங்கிய மதிய வெயிலுக்கு அப்பால், முட்டைக் கூடை இருந்த இருட்டு மூலையில் இருந்து மெல்லிய சுரண்டல் சத்தம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. முட்டை ஓட்டின் உட்புறத்தை நகம் சுரண்டும் சத்தம்.

ஐந்து நாள் கருவுக்கு நகம் கிடையாது.

கதவைச் சாத்திவிட்டு நீல விளக்கைப் பிடித்தாள். குறியிட்ட மூன்று முட்டைகளும் பச்சை. நான்காவதும். பன்னிரண்டும்.

ஓடு தாண்டி ஓடு பரவ அதனால் முடியாது. முடியவே முடியாது.

விளக்கை அணைத்தாள். பச்சை அணையவில்லை.

சுரண்டல் நின்றது. வயிற்றில் பிள்ளை ஒருமுறை உதைத்தது. கூடையில் பன்னிரண்டு ஓடுகளும் ஒருமுறை தட்டின.

மறுபடி உதை. மறுபடி தட்டு.

"ஏத்தா, கதவ ஏன் சாத்திட்ட?"

வயிற்றை இரு கைகளாலும் பொத்தினாள். விரலிடுக்குகளில் பச்சை வெளிச்சம் கசிந்தது.

சேலையை விலக்கினாள்.

தோலுக்கு உள்ளிருந்து ஒரு சின்னக் கையின் நிழல் விரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அவற்றுக்குக் கீழே மூன்றாவது, இன்னும் மொட்டாக. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.