அடிப்படை மாடலில் இல்லாதது

கார் தானாகவே வெடுக்கென்று நின்றது.

அவள் பிரேக்கை மிதிக்கவில்லை. மிதிக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பின்கண்ணாடி முழுக்க மழை... கேமராவிலும் மழைத்துளி... யாரும் இல்லை என்று நினைத்துத்தான் ரிவர்ஸ் எடுத்தாள். சீட்பெல்ட் நெஞ்சை இறுக்கிப் பிடித்த பிறகுதான், டிக்கியின் மேல் ஊன்றிய ஒரு கை தெரிந்தது. அதற்கு மேலே... இரண்டு கண்கள்.

'ஐயோ!'

இறங்கி ஓடினாள். தொப்பலாக நனைந்து, முகம் வெளுத்து ஒருவன் நின்றான். பம்பருக்கும் அவன் முழங்காலுக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான்.

"அடி பட்டுச்சா? எங்கயாவது வலிக்குதா?"

"உயிர் இருக்கு. மத்ததைத் தேடிப் பாத்துட்டுச் சொல்றேன்."

"வண்டி எடுக்கும்போது குறுக்க எதுக்குங்க வந்தீங்க? கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" பயத்தை முந்திக்கொண்டு கோபம்தான் வந்தது அவளுக்கு.

"பிடரியில இருந்திருந்தா உங்க வண்டி வர்றதைப் பாத்திருப்பேனே! முகத்துல இருக்குறதாலதான் இந்த வம்பு..."

உதடுகள்தான் சிரித்தன. கண்கள் பம்பரை விட்டு நகரவே இல்லை. இமையோரம் மழைத்துளி தொங்கும் பெரிய கண்கள்... இந்த நேரத்திலும் அதைக் கவனித்த தன் மனதை அவள் வைதாள்.

அவன் போய்விட்டான். அவளால் காரை எடுக்க முடியவில்லை.  அவள் ஓட்டியது அவள் வேலை செய்யும் கம்பெனியின் டெஸ்ட் வண்டி; எல்லா வசதியும் பொருத்தியது. பின்னால் ஆள் வந்தால் தானே நிற்கும் பிரேக் அதில் இருந்தது. விற்பனைக்கு வரப்போகும் வண்டியில் இருக்காது. அன்று மத்தியானம் அதைப் பட்டியலிலிருந்து நீக்கியவளே அவள்தான்.

பெரிய பெரிய கார்களாகவே செய்து பேர் வாங்கிய கம்பெனி அது. இப்போது முதன்முதலாக ஒரு சின்ன செடான் கொண்டுவருகிறது. எந்த வசதி எல்லோருக்கும், எது தனியாகக் காசு கொடுப்பவர்களுக்கு மட்டும் என்று பிரிப்பதுதான் அவள் வேலை. ஆரம்ப விலையைக் கேட்டதும் வாங்க வந்தவரின் புருவம் உயரக் கூடாது; உள்ளே ஏறி உட்கார்ந்ததும் உயர வேண்டும். அதற்காக எல்லாவற்றையும் வாரிக் கொடுத்துவிட்டால், அப்புறம் பெரிய காரை யார் சீந்துவார்கள்? வெட்டி வெட்டியே ஆபீசில் அவளுக்குக் 'கத்திரி' என்று பேர். கூரையில் திறக்கும் சன்ரூஃபுக்கு விலையில் இடம் வேண்டியிருந்தது. அந்த பிரேக்கைத் தனிக்காசு பேக்கேஜுக்குள் தள்ளிவிட்டாள். அவ்வளவுதான்... அவ்வளவேதானா?

மறுநாள் காலை மீட்டிங் அறைக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மேஜைக்கு அந்தப் பக்கம் அதே கண்கள்!

வெளியூரிலிருந்து வந்திருக்கும் விற்பனை மேலாளராம். எந்த மீட்டிங்கிலும் சன்ரூஃபுக்காகவே சண்டை போடுவதால் 'வானம்' என்று பட்டப்பெயராம்.

"மேடம்... அந்த பிரேக்கை எல்லா வண்டியிலயும் வெச்சிடலாம். சன்ரூஃப் பேக்கேஜுக்குப் போகட்டும்" என்றாள் தலைமை அதிகாரியிடம்.

"நேத்து நீதானேம்மா அதை எடுத்தே? இப்ப என்ன வந்துச்சு?"

  கம்பெனி வண்டியை ஒரு ஆள் மேல் ஏற்றப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வாள்? வேலை என்ன ஆகும்?

அவன் எழுந்தான். குரல் கணீரென்று இருந்தது. "முதல் தடவையா நம்ம கார் வாங்குறவங்க ஷோரூம்ல ஏறுனதும் தலையைத் தூக்கித்தான் பாக்குறாங்க மேடம். மாமியார் வீட்டு வாசல்ல போய் நின்னதும் கூரை திறக்கணும் அவங்களுக்கு! பிரேக் யார் கண்ணுக்குத் தெரியப்போவுது? பின்னாடி பாத்து ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு அது எதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. 'இனி உன் முகத்தில் விழித்தால் கேள்...'

"நாளைக்கு முடிவு பண்ணிக்கலாம்" என்றார் மேடம்.

அன்று முழுக்க எங்கோ ஒரு வண்டி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டாலே உடம்பு தூக்கிவாரிப்போட்டது. வேலை முடிந்து நிறுத்துமிடத்தை நடந்தே தாண்டப்போனபோது, தூணோரம் அவன் நிற்பதைப் பார்த்தாள். வரிசையாக நின்ற கார்களின் பின்னால் ஒரு காலை எடுத்து வைப்பதும்... பின்வாங்குவதும்...

"என்ன பண்றீங்க?"

திடுக்கிட்டுத் திரும்பினான். நெற்றியெல்லாம் வியர்வை. "ஒரு வண்டியிலயும் ஆள் இல்ல. எஞ்சின் ஓடல. எல்லாம் தெரியுது... ஆனா இதுங்க பின்னாடி நடக்க முடியலைங்க. கால் வரமாட்டேங்குது."

அவள் கோபம் பாதி கரைந்தது. மீதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம் ஏன் காலையில அப்படிப் பேசினீங்க?"

"காரை விக்கிறவனே காரைப் பாத்துப் பயந்தா... சிரிக்க மாட்டாங்களா? அதோட, சொன்னா உங்க பேரும் அடிபடும்..."

"ஓஹோ! என் பேரைக் காப்பாத்தத்தான் எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்களாக்கும்?"

அவன் தலை குனிந்தான். "வீறாப்புங்க... வேற ஒண்ணும் இல்ல. மன்னிச்சுக்குங்க."

 அவள் அவனுக்கும் கார்களுக்கும் நடுவே வந்து நின்றாள். "வண்டி இருக்கற பக்கம் நான் நடக்குறேன். நீங்க சுவர் ஓரமா வாங்க."

வாசல் வரை அப்படியே நடந்தார்கள். அவளுக்கும்தான் கால் நடுங்கியது... அவன் அதைப் பார்த்துவிட்டான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் மேடம் கேட்கும் முன்பே அவள் எழுந்துவிட்டாள்.  "மேடம், முந்தாநாள் மழையில நம்ம டெஸ்ட் வண்டியை நான்தான் ஓட்டினேன். பின்னாடி ஆள் இருந்தது எனக்குத் தெரியல. பிரேக்தான் நிறுத்துச்சு. இல்லாட்டி..."

"அந்த ஆள் நான்தான் மேடம்" என்றான் அவன். இப்போது குரல் கணீரென்று இல்லை. "நேத்து பயத்தை மறைக்கத்தான் அப்படிப் பேசினேன். ரெண்டு நாளா நான் ஒரு காருக்குப் பின்னாடி நடக்கல."

 மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவளுக்கு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"பிரேக் எல்லா வண்டியிலயும் இருக்கட்டும். சன்ரூஃப் பேக்கேஜுக்குப் போகுது. வண்டி விக்கலேன்னா ரெண்டு பேரும் என் கண்ணுலயே படக் கூடாது!"

சாயங்காலம் அவனுக்கு ரயில். பெட்டியோடு வாசலில் நின்றவனிடம், "நான் கொண்டுபோய் விடவா?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் நினைவு வந்தது. அன்றைக்கப்புறம் அவள் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை.

அவன் காரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபேச்சில்லாமல் ஏறி உட்கார்ந்தான்.

வழியெல்லாம் அவள் விரல்கள் வெளுக்கும்படி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். ஸ்டேஷன் வாசலில் நிறுத்தியதும் அவன் கதவைத் திறந்தான்... இறங்கவில்லை. பின்னால் ஹார்ன் அலறியது.

"இறங்குங்க... திட்டுறாங்க."

"திட்டட்டும். எனக்கு இப்போ வேற பயம் வந்துடுச்சு. சொல்லாம ஊருக்குப் போயிடுவேனோன்னு..."

"என்னத்தை?"

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. அவ்வளவு நடுங்கிக்கிட்டும் எழுந்து உண்மையைச் சொன்னீங்களே... அந்த நிமிஷத்துல இருந்து மனசுல வேற எதுவும் ஓடல."

ஹார்ன்கள் இரண்டாயின, மூன்றாயின. அவள் காது மடல் சூடாகியது.

"ரயிலுக்கு நேரம் இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு."

"அப்போ கதவைச் சாத்துங்க. ஒரு சுத்து சுத்திட்டு வரலாம். இங்க நின்னுக்கிட்டு எனக்குச் சொல்ல வராது."

கார் நகர்ந்தது. ஸ்டேஷனின் பின்பக்க வளைவில் திரும்பும்போது, சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "எனக்கும்தான்..." என்றாள்.