கோழிக்கொண்டைக்கு நாலு ஞாயிறு

“இந்தாம்மா... என் தோட்டத்துல என்ன தேடுற?”

பென்சில் நழுவி வாய்க்காலில் விழுந்தது. ஒச்சம்மாள் நிமிர்ந்தாள். முதுகில் மருந்தடிக்கும் டேங்க், முகத்தில் கோபம்... வரப்பில் ஒருவன் நின்றான்.

“தேடல. பாக்குறேன்.”

“அதான் கேக்குறேன். மூணு ஞாயித்துக்கெழமையா ஒரே செடியப் பாக்குற. நீ வந்ததுலருந்து மூணு பாத்தி கருகிருச்சு. இம்புட்டுக் கண்ணு வச்சா செடி தாங்குமா?”

சுருக்கென்றது அவளுக்கு. வேடசந்தூர் மில்லில் ஆறு நாளும் வெள்ளை நூலையே பார்ப்பவள். ஞாயிறானால் சிவப்பைத் தேடி, திண்டுக்கல்லில் செம்பட்டி பஸ் ஏறிவிடுவாள். ஒரு கோழிக்கொண்டைப் பூ மொட்டிலிருந்து முழுதாய் விரியும்வரை வாரம் ஒரு படம், மொத்தம் நாலு. மூன்றாவது இப்போதுதான் முடிந்தது. தையல் வகுப்பு பாதி, டைப்பிங் பாதி... எதையும் முடிக்காதவள் என்று வீட்டில் பேர். இதையும் பாதியில் விடுவதா? மாட்டவே மாட்டாள்.

“நான் வாய்க்கா மேட்டுலதான் உக்காந்திருக்கேன். மேடும் ஒங்களுதா?”

“அடேயப்பா... வாய் இருக்கு!”

“கண்ணும் இருக்கு. அடுத்த வாரமும் வாரேன்.”

வந்தாள். அவளுக்கும் அவள் பூவுக்கும் நடுவில், பழைய சேலை சுற்றிய திருஷ்டி பொம்மை ஒன்று கோணல் மீசையோடு நின்றது. பக்கத்தில் அவன், கை கட்டிக்கொண்டு.

“முகேஷு, அந்தப் புள்ள வந்திருச்சுடா!” மோட்டார் ரூம் வாசலிலிருந்து அவன் அம்மா குரல் கொடுத்தாள்.

ஒச்சம்மாள் பொம்மையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

“இது ஒங்க அண்ணனா? மீசை அப்படியே இருக்கு...”

அவன் கை தானாக மீசைக்குப் போனது. அவள் பத்தடி தள்ளி உட்கார்ந்து நோட்டை விரித்தாள்.

பாதிப் படம்கூட ஆகவில்லை... சடசடவென்று மழை! உரச்சாக்கோடு ஓடி வந்த முகேஷ்குமார் அதை அவள் தலைக்குப் பிடிக்கவில்லை, நோட்டுக்குப் பிடித்தான். அவள் அதைக் கவனித்தாள்.

மோட்டார் ரூமில் ஒதுங்கியதும், அட்டையில் இருந்த அவள் பேரைப் படித்துவிட்டு அவன் நோட்டைப் புரட்டினான். தேதி போட்ட முதல் படத்தில் விரல் நின்றது.

“இலைக்கு அடியில இது என்ன... பென்சில் பட்டுருச்சா?”

“புள்ளி. இருந்துச்சு, போட்டேன். இல்லாதத நான் வரைய மாட்டேன்.”

“மொத நாளேவா?”

“வந்து உக்காந்த ஒடனே போட்டது.”

அவன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

“அப்ப நீ வாறதுக்கு முன்னாடியே இந்தப் புள்ளி நோவு வந்திருக்கு. தெனம் தண்ணி பாய்ச்சுறவன், எனக்குத் தெரியல...” அம்மா பக்கம் திரும்பினான். “அம்மா, இந்தப் புள்ள கண்ணு வைக்கல. கண்ணு இல்லாமக் கெடந்தது நாந்தான்.”

“ஏன்டா, அப்ப எஞ்சேலையக் கிழிச்சது?” என்று தலையிலடித்துக்கொண்டு, தூறலிலேயே மாட்டைப் பிடிக்கப் போனாள் அம்மா.

மழை விட்டது. ஒச்சம்மாள் வாய்க்கால் மேட்டுக்குத் திரும்பி, மீதிப் படத்தை முடித்துத் தேதி போட்டாள். நாலும் முடிந்தது. ஆனால் எழுந்திருக்கத்தான் மனசு வரவில்லை...

“அப்ப... இனிமே வர மாட்டியா?” பின்னாலேயே வந்து நின்றவன் கேட்டான். “அடுத்து செண்டுமல்லி போடப்போறேன்...”

“பூவுக்காகத்தான் வரச் சொல்றீங்களா?”

“எனக்காக. திட்டி அனுப்பிட்டு ஆறு நாளும் ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன். பொம்மையக் கட்டுனதே நீ சண்டைக்கு நிப்பேன்னுதான். ஒன்னைய எனக்குப் பிடிச்சிருக்கு, ஒச்சம்மா... என்னைய ஒரு படம் போடுவியா?”

“முடியாது.”

அவன் முகம் வாடியது.

“வரையணும்னா நேராப் பாக்கணும். எதையும் எம்புட்டு நேரமும் பாத்துருவேன். ஒங்களத்தான் செத்த நேரங்கூட...”

சொல்லி முடிக்காமல் நிறுத்தினாள். இதையும் பாதியிலா? இல்லை. இன்றைக்கு இல்லை.

விழிகளை உயர்த்தினாள். அவன் இமையில் ஒரு மழைத்துளி நடுங்கிக்கொண்டிருந்தது. புருவம், கன்னம், அந்தக் கோணல் மீசை... ஒன்று விடாமல் பார்த்தாள். பார்வையைத் தாழ்த்தியது அவன்தான்.

“தலைய நிமித்துங்க,” என்றாள். “எனக்கும் ஒங்களப் பிடிச்சிருக்கு. நல்லாப் பாத்துட்டுத்தான் சொல்றேன்.”