ஐந்தாவது குழாய்

நான்கு குழாய் மண்ணும் ஒழுங்காக வயதைச் சொல்லிவிட்டன. ஐந்தாவது மட்டும் சொல்லவில்லை.

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலையில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் சகுந்தலாவுக்கு ஒன்பது வருட வேலை. புதைந்த மண் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று அளந்து சொல்வாள். இந்த முறை வந்திருந்தது மெக்சிகோ காட்டு மண். அந்நாட்டின் பழங்குடிகளான மாயர்களுக்கு அரசர்களும் பிரமிடுகளும் வருவதற்கு முன்பே யாரோ கொட்டி உயர்த்திய மேடை ஒன்றை அங்கே தோண்டியிருந்தார்கள். மேலிருந்து கீழாக ஐந்து இடத்தில் இரும்புக் குழாயை அடித்து, மண்ணோடு இருபுறமும் மூடி அனுப்பியிருந்தார்கள். மாயர்களின் தொடக்கம் எப்போது என்பதை அடியிலிருந்து எடுத்த ஐந்தாவது குழாய்தான் சொல்ல வேண்டும்.

நான்காவது, மூவாயிரம் வருடம் என்றது. அதற்கும் கீழே இருந்த ஐந்தாவது, பூஜ்யம் என்றது. இப்போதுதான் வெளிச்சம் பார்த்த மண் என்று அர்த்தம்.

மூன்று முறை அளந்தாள். மூன்று முறையும் பூஜ்யம்.

இயக்குநர் பார்த்தசாரதி அலட்டிக்கொள்ளவில்லை. குழாயைத் திறக்கும்போது கவனக்குறைவால் வெளிச்சம் பட்டுவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

"என் கையில அதுமேல வெளிச்சம் படல சார். படாததைப் பட்டதா எழுத மாட்டேன்."

அப்படியானால் வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு, வெளியே வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருந்தபோது, அவள் இருட்டறைக்குள் போய் இரண்டு கதவுகளையும் சாத்தினாள். மண்ணைக் கெடுக்காத சிவப்பு விளக்கு ஒன்றுதான் அங்கே எரியும். அளக்க மண் எடுத்தபின் அவள் மறுபடி மூடி வைத்த குழாய் மேசையில் கிடந்தது. மூடிய குழாயிலிருந்து வாசனை வரக்கூடாது. ஆனால் கொளவாய் ஏரி வண்டலிலோ மழைக்கால வயலிலோ அவள் மோந்தறியாத ஒரு வாசனை, புளித்த இலையும் ஈரத் தலைமுடியும் கலந்ததுபோல, மெல்ல அறையை நிறைத்துக்கொண்டிருந்தது.

வெளிக்கதவைத் தட்டினார் உதவியாளர் ராமதாஸ்.

"இன்னா மேடம், உள்ள டியூப் லைட்டு போட்டுகினு கீறீங்களா? கதவுக்கடியில வெள்ளையா தெரியுது."

அவள் கீழே பார்த்தாள். தரையெல்லாம் சிவப்புதான். எதுவும் போடவில்லை, எந்தச் சத்தம் கேட்டாலும் கதவைத் திறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள்.

அவர் செருப்புச் சத்தம் தேய்ந்ததும் இன்னொரு சத்தம் கேட்டது. குழாய்க்குள்ளிருந்து. நகத்தால் மண்ணைச் சுரண்டும் சத்தம்.

அவள் மூச்சை அடக்கினாள். அதுவும் நின்றது.

மறுபடி தொடங்கியது.

ஓடியிருக்கலாம். ஓடினால் நாளைக்கு அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். கை நீட்டிச் சிவப்பு விளக்கை அணைத்தாள்.

முழு இருட்டு. அதில் ஒரு கோடு. குழாயின் மூடியைச் சுற்றி, நூல் அளவு, வெள்ளையாக.

"யாரா வேணா இரு," என்றாள். "பாக்காம போக மாட்டேன்."

மூடியைத் திருகினாள்.

வெளிச்சம் பீறிட்டு எதிர்ச் சுவரில் விழுந்தது. நண்பகல் வெயில். சுடவில்லை. குறிப்பேட்டை இழுத்தாள். பேனா பிடித்த கையின் நிழல் சுவரில் பெரிதாக விழுந்தது. மணி 11.40 என்று எழுதினாள். மூடி திறந்தது. ஒளி உண்டு.

மணிக்கட்டில் ஈரம். குளிர்ச்சி.

அவள் கையைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். குழாயின் வாயிலிருந்து ஒரு விரலின் நிழல் கூரைவரை நீண்டிருந்தது. பிறகு இன்னொன்று. ஆறு. ஏழு. ஒவ்வொன்றாக மடிந்து, அவள் கை நிழலைச் சுற்றிக்கொண்டன.

பேனா நிற்கவில்லை. விரல்கள், என்று அவள் எழுதிக்கொண்டிருந்தாள், இன்னும் வருகின்றன.