பவுலினாவின் அண்ணன்

தள்ளுவண்டியின் விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது... இரத்தம்!

பதுளையில் ஓர் ஆஸ்பத்திரி. நர்ஸ் நிரஞ்சலாவுக்கு இது தொடர்ந்து பதினெட்டாவது மணி நேரம். கண் எரிந்தது. கால் மரத்திருந்தது.

"பேரு பவுலினா. நமுனுகுல தேயிலைத் தோட்டம்," என்றார் இன்ஸ்பெக்டர் அஸ்ஹர். "புருஷன் அந்தோனி வயித்துல மிதிச்சிட்டான்னு ஃபோன் வந்துச்சு. விலங்கு மாட்டி ஜீப்புல வச்சிருக்கேன்."

நிரஞ்சலா போர்வையை விலக்கினாள்.

வயிற்றில் ஒரு கன்றல்கூட இல்லை!

டொக்டர் ஜெயந்தினி சோதித்துப் பார்த்தார். முகம் இறுகியது.

"மிதிச்சதில்ல இது! கர்ப்பப்பை வாயில யாரோ சதைக்கட்டிய வெட்டியிருக்காங்க... தையலே போடல! மிஸ், ரெண்டு கையிலயும் சேலைன். ரத்தத்துக்குச் சொல்லுங்க. துணி குடுங்க, அடைக்கணும்!"

அடைத்தார்கள். நனைந்தது.

மறுபடி அடைத்தார்கள். மறுபடியும்...!

"பிரஷர் எழுபது, டொக்டர்!"

"தியேட்டருக்குத் தள்ளுங்க!"

வாசலில் ஒருவன் வழிமறித்தான். வெள்ளைச் சட்டை. தொப்பலாக வியர்த்திருந்தான்.

"நான் பவுலினாவோட அண்ணன், மிஸ். அவ... ஏதாச்சும் பேசினாளா?"

பிழைப்பாளா என்று கேட்கவில்லை. பேசினாளா...?

நிரஞ்சலாவுக்கு நின்று யோசிக்கத் தெம்பில்லை. "அப்பறம் வாங்க!"

நான்கு தையல். மூன்று பை இரத்தம். இரண்டு மணி நேரம் கழித்து பவுலினா கண் திறந்தாள்.

அஸ்ஹர் குனிந்தார். "புருஷன்தானே மிதிச்சான்?"

"ஐயோ, அவருதாங்க என்னத் தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடினாரு! நேத்து டவுன் க்ளினிக்குல, சின்ன ஆபரேஷன்னு கட்டிய எடுத்தாங்க. காலைல ரத்தம் நிக்கலன்னு ஃபோன் பண்ணேன். 'அப்படித்தான் இருக்கும், பேசாம படு'ன்னாரு அந்த டொக்டரு..."

"ஒங்க அண்ணன் வெளிய நிக்கிறாரும்மா," என்றாள் நிரஞ்சலா.

"அண்ணனா? எனக்குக் கூடப்பொறந்தவங்களே இல்லீங்க, மிஸ்!"

நிரஞ்சலாவின் தூக்கம் பறந்தது.

"சார்... புருஷன் மிதிச்சான்னு சொன்னவனோட நம்பர் இருக்கா? அடிங்க!"

அஸ்ஹர் அடித்தார்.

வராந்தாவில்... வெள்ளைச் சட்டையின் பையில் மணி அடித்தது!

ஓடினான். மாடிப்படியில் பொலிஸ்காரர்கள் மடக்கி, கழுத்தைப் பிடித்து இழுத்து வந்தார்கள்.

"இவருதாங்க அந்த டொக்டரு!" பவுலினா கைநீட்டிக் காட்டினாள்.

"பேரு?" என்றார் அஸ்ஹர்.

"ச... சதீஸ்குமார்."

"எங்கடா டொக்டருக்குப் படிச்ச?"

"மருந்துக்கடையில... அஞ்சு வருஷம் நின்னேன், சார்."

"அவ செத்தா பழி புருஷன் தலையில... அப்படித்தானே?"



ஜீப்பிலிருந்து கூட்டி வந்த அந்தோனியின் விலங்கு கழன்று சதீஸ்குமாரின் கையில் ஏறியது. அந்தோனி போய் மனைவியின் காலடியில் உட்கார்ந்தான்.

சதீஸ்குமார் மாரைப் பிடித்துக்கொண்டான். "நெஞ்சு வலிக்குது, மிஸ்... டொக்டரக் கூப்பிடுங்க!"

நிரஞ்சலா கொட்டாவியை அடக்கிக்கொண்டாள்.

"எந்த டொக்டர, சார்...? படிச்சவங்களயா... ஒங்கள மாதிரி ஆளயா?"